மச்பூஸ் கிடைக்கிற கடை, கிருஷ்ணகிரி

ராயக்கோட்டை ரோட்டில் போய்க்கொண்டிருந்தபோது ஒரு மந்திக் கடைப் பலகையில் ‘சவுதி மச்பூஸ்’ என்று அரபு மசாலாச் சோற்றின் பெயரைப் பார்த்து வண்டியை ஓரம் கட்டினேன். பஹ்ரைனில், மனாமாவில், பத்து வருஷம் அடுப்படியில் நின்றவன் நான்.

சிக்கன் மச்பூஸ் 240 ரூபாய். சோற்றைக் கிளறினால் அடியில் காய்ந்த கருப்பு எலுமிச்சை ஒன்று கிடந்தது. அங்கே அதை லூமி என்பார்கள். குத்தித் துளை போட்டால்தான் புளிப்பு இறங்கும். இதில் இரண்டு துளை இருந்தது. தெரிந்த கை! சோறு உதிரி உதிரியாக, பட்டையும் ஏலமும் அளவாக. கோழி கொஞ்சம் வறண்டுவிட்டது. குபூஸ் ரொட்டி ஆறிப்போய் வந்தது, சொன்னதும் சூடாக மாற்றித் தந்தார்கள்.

சரி, பலகை விஷயம். இந்த மாதிரிச் சோற்றுக்குச் சவுதிக்காரர் வீட்டில் கப்ஸா என்று பெயர், பஹ்ரைன்காரர் வீட்டில்தான் மச்பூஸ். கல்லாவில் இருந்த தம்பியிடம் சொன்னேன். “சவுதின்னாதான் நம்ம ஜனத்துக்குத் தெரியும்ணா, பஹ்ரைன் யாருக்குத் தெரியும்?” என்றார். மனசு சங்கடப்பட்டது.

பஹ்ரைன் சின்னத் தீவு ராஜ்யம்தான், பலகையில் மட்டுமில்லை, நிஜத்திலும் சவுதி நிழலில்தான் இருக்கிறது. சவுதியோடு அதை இணைக்கிற, 1986-ல் திறந்த 25 கிலோமீட்டர் கடல் பாலத்துக்குப் பணம் போட்டது சவுதி. அபூ சஃபா எண்ணெய் வயலை நடத்துவதும் சவுதி. வருமானத்தில் பாதி, 1958 ஒப்பந்தப்படி, பஹ்ரைனுக்கு. 2018-ல் கடன் முற்றியபோது சவுதி, குவைத், அமீரகம் மூன்றும் 1000 கோடி டாலர் தர முன்வந்தன. இவ்வளவு வாங்கிய பிறகு அண்ணன் பேச்சைத் தட்ட முடியுமா? 2017 ஜூனில் சவுதி கத்தாரோடு உறவை முறித்தபோது பஹ்ரைனும் முறித்தது. கத்தாரோடு அதற்கு ஹவார் தீவு யாருக்கு என்ற வழக்கில் பழைய மனஸ்தாபமும் உண்டு. 2001-ல் சர்வதேச நீதிமன்றம் வரை போய்த்தான் தீர்ந்தது. ஆனால் எங்கள் மனாமா கடைக்கு வந்துகொண்டிருந்த கத்தார் குடும்பங்கள் அதோடு நின்றுபோயின. குழந்தைகளுக்குக் காரம் குறைக்கச் சொல்லும் ஒரு அம்மாவை இன்னும் நினைத்துக்கொள்கிறேன்.

வியாழன் ராத்திரி பாலத்தின் வழியே சவுதி கார்கள் வரிசையாக வரும். அன்றைக்கு மட்டும் இரண்டு அண்டா கூடுதலாக ஏற்றுவோம். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பாலத்தை மூடினார்கள். அந்த இரண்டு அண்டாவையும் கழுவிக் கவிழ்த்தேன். அப்புறம் சில மாதத்தில் ஊருக்கு டிக்கெட் போட்டுவிட்டார்கள்.

மறுபடி போனபோதும் பலகை அப்படியேதான் இருந்தது. ஆனால் சோறு அதே ருசி. ஞாயிறு மதியம் லூமி தீர்ந்துவிட்டால் சாதா எலுமிச்சையைப் பிழிந்துவிடுகிறார்கள், கேட்டுவிட்டு உட்காருங்கள்.