திட்டையும் வம்பையும் சொல்லித்தரும் ஒரு செயலி

ஆங்கிலப் பேச்சுவழக்குச் சொற்களுக்கென்றே வந்திருக்கும் ஒரு கைப்பேசிச் செயலியை இரண்டு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். திட்டுவதற்கும் வம்பளப்பதற்கும் உரிய சொற்களை அது தனிப் பகுதியாகத் தந்திருக்கிறது. பாடநூல்கள் தொடாத இந்தச் சொற்கள்தாம் அலுவலகத்தில் நம் காதில் நாள்தோறும் விழுகின்றன என்பதால், அந்தப் பகுதியை வரி விடாமல் படித்தேன்.

வம்புச் சொற்களை அருமையாகக் கையாண்டிருக்கிறார்கள். ஞானப்பெற்றோரை, அதாவது கிறிஸ்தவத் திருமுழுக்கின்போது குழந்தைக்குப் பொறுப்பேற்பவர்களைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல் ஒன்று, நெருங்கிய தோழியைக் குறித்து, பிறகு அப்படிப்பட்டவர்கள் கூடிப் பேசும் பேச்சையே குறித்து இன்றைய ‘காசிப்’ ஆன கதை தெளிவாக இருக்கிறது. ‘ஸ்கட்டில்பட்’ என்பது கப்பலில் குடிநீர் வைத்திருந்த பீப்பாய். தண்ணீர் குடிக்க வந்த மாலுமிகள் அங்கே நின்று பேசிய பேச்சுக்கும் அதுவே பெயராயிற்று. ஆஸ்திரேலியர்கள் வதந்தியை ‘ஃபர்ஃபி’ என்பதும், முதல் உலகப் போரின்போது படைமுகாம்களுக்குத் தண்ணீர் கொண்டுசென்ற வண்டிகளில் பொறித்திருந்த தயாரிப்பாளரின் பெயரால் வந்ததுதான். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தபோது நம்முடைய ‘குழாயடிப் பேச்சு’ நினைவுக்கு வந்து மனம் நிறைந்தது.

திட்டுச் சொற்களில்தான் செயலி சறுக்குகிறது. ‘டெல் ஆஃப்’, ‘ச்யூ அவுட்’, ‘டிரெஸ்ஸிங் டவுன்’ எல்லாவற்றுக்கும் ‘திட்டுதல்’ என்ற ஒரே பொருளை எழுதி முடித்துவிட்டார்கள். கண்டிப்பது வேறு, காய்ச்சி எடுப்பது வேறு, கிழி கிழியென்று கிழிப்பது வேறு என்று இத்தனை படிகளைத் தமிழே வைத்திருக்கும்போது, அவற்றைப் பொருத்திக் காட்ட ஏன் மனம் வரவில்லை? குழந்தை பாலைக் கொட்டியதற்குத் தாய் கடிந்துகொள்வதை ‘டிரெஸ்ஸிங் டவுன்’ என்று எடுத்துக்காட்டியிருப்பது தவறு. மேலதிகாரி தமக்குக் கீழுள்ள ஒருவரை நிற்கவைத்துக் கடுமையாகச் சாடுவதற்கே அச்சொல் பொருந்தும்.

எந்தச் சொல் எந்த நாட்டில் வழங்குகிறது என்ற குறிப்பு இல்லாதது இதைவிடப் பெரிய குறை, அதன் விளைவை நானே அனுபவித்தேன். மேலாளர் என்னைக் கடிந்துகொண்டதைச் சொல்ல நினைத்து, அமெரிக்கரான சக ஊழியருக்கு ‘டிக்டு ஆஃப்’ என்று எழுதினேன். பிரிட்டனில் திட்டு வாங்கியதைக் குறிக்கும் அந்தத் தொடர் அமெரிக்காவில் எரிச்சல் அடைந்ததைக் குறிக்கும் என்பதால், நான் மேலாளர்மீது கோபமாக இருப்பதாக அவர் புரிந்துகொண்டு, என்னைச் சமாதானப்படுத்த உடனே தொலைபேசியில் அழைத்தார். விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

ஒலிப்பதிவுகள் தெளிவாக உள்ளன. வம்புப் பகுதிக்காக மட்டுமே இச்செயலியை வைத்திருக்கிறேன். திட்டுச் சொல் எதையும் நாட்டுக் குறிப்புள்ள அகராதி ஒன்றில் சரிபார்க்காமல் இப்போது நான் எழுதுவதில்லை.