மாட்டு வண்டிக்கு ஜிஎஸ்டி

இந்த முறை காரைக்குடிப் பக்கம் போனபோது என் கையில் ஒரு ரசீதைக் கொடுத்தார்கள். 17,523 ரூபாய். அறை எடுத்துத் தங்கியதற்குக்கூட இல்லை. காலை பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை ‘செட்டிநாட்டு வாழ்வியல் அனுபவம்’ என்ற ஒன்றை அனுபவித்ததற்கு. சிங்கப்பூரிலிருந்து விமானம் நேரத்துக்குக் கிளம்பியது, திருச்சிப் புது முனையத்தில் குடிநுழைவு சட்டென்று முடிந்தது, அண்ணன் வீட்டில் கவனிப்புக்குக் குறைவில்லை. அதெல்லாம் இருக்கட்டும். ரசீதுக்கு வருகிறேன்.

பிள்ளைகளுக்கு ஊரைக் காட்ட வேண்டும் என்று அண்ணன் மகன்தான் கைபேசியிலேயே பதிவு செய்துவிட்டான். பழைய நகரத்தார் வீடு ஒன்றை விடுதியாக மாற்றியிருக்கிறார்கள். பெரியவர்களுக்குத் தலைக்கு 4,500, பிள்ளைகளுக்குப் பாதி. அம்மா, நான், மகள், மகன், ஆக 13,500. நான் வாயைத் திறப்பதற்குள், “அத்தை, உங்க ஊர்ல இதெல்லாம் சும்மாவா காட்டுறாங்க?” என்றான். சும்மாதான் காட்டுகிறார்கள். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அங்கே தேசிய அருங்காட்சியகத்துக்கு நுழைவுச்சீட்டே கிடையாது. சொல்லவில்லை, விட்டுவிட்டேன்.

முதலில் மாட்டு வண்டிச் சவாரி. வாசலில் ஏறினோம். கார் வருவதற்குப் போட்ட சிமென்ட் பாதையில் வண்டி ஒரு சுற்றுச் சுற்றி அதே வாசலில் வந்து நின்றது. வண்டிக்காரருக்குச் சீருடை, மாட்டின் முதுகில் விடுதிப் பெயர் போட்ட துணி. மகன் இறங்கி, “அவ்வளவுதானா?” என்றான். அம்மா பேசவே இல்லை. தேவகோட்டைப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, குலசாமி கோயில் மாசிக் களரித் திருவிழாவுக்கு வண்டி கட்டி, இருட்டில் கிளம்பி, வழியில் கட்டுச்சோறு பிரித்துச் சாப்பிட்டவர் அவர்.

அப்புறம் பல்லாங்குழி. கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய ஒரு பையன், பிளாஸ்டிக் உறை போட்ட அட்டையைப் பார்த்து அம்மாவுக்கு ஆங்கிலத்தில் விதிகளைச் சொல்ல ஆரம்பித்தான். தமிழிலேயே சொல்லப்பா என்ற பிறகும் நான்கு வார்த்தைக்கு ஒருமுறை ஆங்கிலத்துக்கே திரும்பினான். குழிக்கு இத்தனை சோழி, ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும், வெறுங்குழி வந்தால் அதைத் துடைத்து அடுத்த குழியில் இருப்பதை அள்ள வேண்டும். அதோடு முடித்துவிட்டான். “பசு எங்கேப்பா?” என்றார் அம்மா. பையன் முழித்தான். குழியில் நாலு சேர்ந்தால் பசு, அந்தக் குழிக்காரர் உடனே எடுத்துக்கொள்ள வேண்டும், பாதி ஆட்டமே அதில்தானே இருக்கிறது! அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்து அவனுக்கே சொல்லிக்கொடுத்தார். பக்கத்து மேசையில் இருந்த பிரெஞ்சுக்காரத் தம்பதியும் வந்து உட்கார்ந்தார்கள். அன்றைக்கு உருப்படியாக நடந்த ஒரே விஷயம் அதுதான். அதை நடத்தியவரிடமும் 4,500 ரூபாய் வாங்கினார்கள்.

இனி ரசீது. 13,500-க்கு மேல் 10 விழுக்காடு சேவைக் கட்டணம், அந்தச் சேவைக் கட்டணத்தையும் சேர்த்த தொகைக்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி. சிங்கப்பூரில், சேவைக் கட்டணமும் ஜிஎஸ்டியும் தனி என்பதற்கு அடையாளமாக விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி போட்டிருப்பார்கள். பட்டியலைப் பார்க்கும்போதே மனக்கணக்குப் போட்டுவிடுவோம், சத்தமில்லாமல் கொடுத்தும் விடுவோம். இங்கே பதிவு செய்தபோது அப்படி ஒரு வரியே இல்லை. அதோடு, இந்தியாவில் உணவகங்களும் விடுதிகளும் சேவைக் கட்டணத்தைத் தாமாகவே ரசீதில் ஏற்றக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-லேயே சொல்லியாகிவிட்டது. அதை எதிர்த்து உணவகச் சங்கங்கள் போட்ட வழக்கையும் 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இதை நான் சொன்னபோது மேலாளர், “மேடம், இது எங்க பாலிசி” என்றார். கைபேசியில் செய்தியை எடுத்துக் காட்டினேன். மேலிடத்துக்குப் போன் போட்டார். எங்களுக்குப் பானகம் வந்தது. மறுபடி போன். பிள்ளைகள் திண்ணையில் தூங்கிவிட்டார்கள். கடைசியில் 15,930 என்று வேறு ரசீது வந்தது, கூடவே என்னை ஒரு பார்வை. 1,593 ரூபாய்க்கா இந்தப் பாடு என்று அண்ணன் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

வெளியே வரும்போது வண்டிக்காரரிடம், சேவைக் கட்டணம் என்று வாங்குகிறார்களே, அதில் உங்களுக்கு ஏதாவது வருமா என்று கேட்டேன். “அப்படின்னா என்னம்மா?” என்றார்.

மறுநாள் அம்மா, “பேசாம டவுன் பஸ்ல ஆத்தங்குடிக்குப் போவோம்” என்றார். போனோம். அரசு நகரப் பேருந்தில் 2021-லிருந்து பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்று கேள்விப்பட்டதுதான், ஏறியது இப்போதுதான். அம்மாவுக்கும் எனக்கும் மகளுக்கும் காசில்லாச் சீட்டு, மகனுக்கு மட்டும் அரை டிக்கெட். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கட்டண அட்டையைக் கருவியில் தொட்டுவிட்டு ஏறி, தொட்டுவிட்டு இறங்கும் பேருந்தில் வளர்ந்த பிள்ளைகள். நடத்துனர் விரலிடுக்கில் நோட்டுகளைச் செருகியிருப்பதையே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

ஆத்தங்குடியில் ஓடு போடும் பட்டறைகள் எதற்கும் பூட்டுமில்லை, நுழைவுச்சீட்டுமில்லை. கண்ணாடித் தட்டின் மேல் உலோக அச்சை வைத்து, பூவுக்கு ஒரு நிறம், இலைக்கு ஒரு நிறம் என்று வண்ணச் சிமென்ட் கரைசலை ஒவ்வொரு கட்டத்திலும் ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கினால் கோடு கலையாமல் நிற்கிறது. மேலே உலர்ந்த சிமென்ட்டும் மணலும் தூவி, அதற்கு மேல் சாந்து அப்பிச் சமப்படுத்தி எடுத்து வைக்கிறார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறப் போடுகிறார்கள். சூளையே கிடையாது. கண்ணாடி விட்டுப் பிரியும்போது அதன் வழவழப்பு ஓட்டுக்கு வந்துவிடுகிறது. மெருகு போடுகிற வேலையும் மிச்சம். அங்கே இருந்த பெரியவர், “வா தாயி, நீயும் ஊத்திப் பாரு” என்று மகள் கையில் கரண்டியைக் கொடுத்தார். அவள் ஊற்றிய பச்சை பக்கத்துக் கட்டத்தில் வழிந்தது. அவர் சிரித்துவிட்டு அதை அப்படியே வைத்துக்கொண்டார். காசு கொடுத்தால் வாங்கவில்லை. நான்கு ஓடு விலைக்கு வாங்கிக்கொண்டோம். விமானத்தில் எடைக்குத் திட்டு வாங்கியது வேறு கதை.

பழைய வீடுகளை விடுதியாக்குவதே தவறு என்று நான் சொல்ல மாட்டேன். பர்மாத் தேக்குத் தூணும் ஓட்டுக் கூரையும் பராமரிக்க என்ன செலவாகும் என்று அந்த வீட்டுக்காரர்களைக் கேட்டால் தெரியும். பங்காளிகள் ஆளுக்கொரு நாட்டில் இருக்க, இடித்து விற்ற வீடுகளின் தூணும் கதவும்தான் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் நிற்கின்றன. அறை எடுத்துத் தங்குங்கள், அந்தப் பணம் கூரைக்குப் போகட்டும். வீட்டின் நடுமுற்றமான வளவில் உட்கார்ந்து மழை பார்ப்பதற்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும். சிமென்ட் பாதைச் சவாரிக்குத்தான் மனசு வரவில்லை. வீடு பார்க்க மட்டும் ஆசை என்றால் ஆத்தங்குடியிலேயே லட்சுமி இல்லம் இருக்கிறது, சிறு கட்டணம்தான்.

திருச்சிக்குத் திரும்பும் வழியில் திருமயம் கோட்டையை விட்டுவிடாதீர்கள். 1687-இல் சேதுபதி கட்டியது. மேலே பீரங்கி, ஏறும் வழியில் பாறையைக் குடைந்த சிவன் சந்நிதி, அடிவாரத்தில் குடைவரையில் பள்ளிகொண்ட பெருமாள். அம்மா பெருமாளோடு கீழேயே தங்கிவிட்டார், நாங்கள் ஏறினோம். தொல்லியல் துறை இடம் என்பதால் வெளிநாட்டவர் கட்டணம் பல மடங்கு. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டையைக் காட்டினால் உள்ளூர்க் கட்டணம்தான். நான் கொடுத்தது நூறு ரூபாய்கூட இல்லை, பதினைந்து வயதுக்குக் கீழே இருப்பதால் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. ஒன்பது மணிக்கே போய்விடுங்கள், பாறை சுட ஆரம்பித்துவிட்டால் பிள்ளைகள் பாதியில் உட்கார்ந்துவிடுவார்கள்.