லாத்தா பக்கத்துச் சீன நூடுல்ஸ் கடை: மூன்று வருடம் சாப்பிட்ட பிறகு

யாங்கோன் சீனர் தெருக்களை ஒட்டிய அந்தச் சின்னக் கடையைப் பற்றி பிரேசர் தெருப் (இன்றைய அனோரதா சாலை) பக்கம் வேலை பார்க்கிற நம் ஆட்களிடம் கேட்டால், பாதிப்பேர் "அருமை" என்பார்கள், பாதிப்பேர் "ஒருதடவையே போதும்" என்பார்கள். இரண்டும் உண்மை. பதினொன்றரைக்குப் போனவர் சாப்பிட்டது ஒன்று, ஒன்றரைக்குப் போனவர் சாப்பிட்டது வேறு.

காரணம் நூடுல்ஸ் வேகிற பானை. மஞ்சள் கோதுமை நூடுல்ஸுக்குச் சோடா உப்பு மாதிரி ஒரு கார உப்பு சேர்த்துத்தான் மாவு பிசைகிறார்கள். அந்த நிறமும் இழுவையும் அதனால் வருவது. ஒவ்வொரு பிடியாக வேக வேக அந்த உப்பும் மேல்மாவும் தண்ணீரில் இறங்கும். கூட்டம் ஏற ஏறத் தண்ணீர் சோறு வடித்த கஞ்சி போலாகிவிடும். அதில் வெந்தது வழவழக்கும், லேசாகச் சோப்பு வாடை அடிக்கும். "நூடுல்ஸ் பழசு" என்று பலர் குறை சொல்கிறார்கள். நூடுல்ஸ் புதிதுதான், தண்ணீர்தான் பழசு. பானை வாசலிலேயே இருக்கிறது. உட்காருவதற்கு முன் எட்டிப் பாருங்கள். அடி தெரியாமல் வெள்ளையாக நுரைத்தால் தண்ணீர் மாற்றும்வரை காத்திருக்கலாம்.

இங்கே கேட்டு வாங்க வேண்டியது ஸீஜெ கௌஸ்வே, அதாவது பூண்டு எண்ணெயில் புரட்டிய நூடுல்ஸ். ஒன்றரை நிமிடம் வெந்ததும் கம்பி ஜல்லியில் அள்ளி, பானை விளிம்பில் மூன்று தட்டு தட்டி நீரை உதறுகிறார்கள். அந்தத் தட்டு முக்கியம். ஈரம் நின்றால் பூண்டு எண்ணெய் ஒட்டாமல் கிண்ணத்தின் அடிக்குப் போய்விடும். வந்தவுடன் அடியிலிருந்து மேலாகப் புரட்டிவிட்டு, சூப்பைத் தனியாகக் குடியுங்கள். உள்ளே ஊற்றினால் எண்ணெயின் மணம் போய்விடும். சென்னையிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் இதை அத்தோ என்று நினைத்து ஏமாறுகிறார்கள். அது கடலைமாவும் புளியும் போட்டு ஆறவைத்துக் கையால் பிசைவது. இது சுடச்சுட எண்ணெயில் புரட்டுவது.

டோஃபு விஷயத்தில் பெயர்க்குழப்பம் உண்டு. பர்மிய மொழியில் 'தோஹு' என்றால் கடலைமாவைக் கிண்டி ஆறவைத்த மஞ்சள் ஷான் வகை, நம் கடலைமாவுக் களி மாதிரி. சோயா பாலைத் திரித்துச் செய்கிற வெள்ளைக்கட்டி வேண்டுமென்றால் 'பேபியா' என்று கேட்க வேண்டும். "டோஃபு கேட்டேன், மஞ்சளாக ஏதோ வந்தது" என்கிற குறையெல்லாம் இதில் முளைத்ததுதான்.

வெள்ளை டோஃபுவைத் தண்ணீரில் போட்டு வைத்திருப்பார்கள். ஏப்ரல் வெயிலில் மதியத்துக்குள் புளிக்கத் தொடங்கிவிடும். தொட்டித் தண்ணீர் கலங்கி, கட்டியின் மேல் விரல் வழுக்கினால் மெதுவகையை விட்டுவிட்டுப் பொரித்ததை வாங்குங்கள். பொரித்தது பத்து நிமிடத்துக்குள் தோல் மாதிரி இழுக்கும். முதலில் அதை முடித்துவிட்டு நூடுல்ஸுக்கு வாருங்கள். கூட கொடுக்கும் கடுகுக்கீரை ஊறுகாயை எண்ணெய்ப் பிசுக்கு போக நடுநடுவே கடிக்க வேண்டும். மிச்சம் வைப்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

சைவம் சாப்பிடுபவர்கள் 'தெத்தத்லு' என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடக் கூடாது. இறைச்சித்துண்டை எடுத்துவிடுவார்கள், அவ்வளவுதான். பூண்டு எண்ணெயில் பன்றிக்கொழுப்பு இருக்கும், சூப் எலும்பில் கொதித்தது, கீரையில் சிப்பிச் சாறு. பன்றிக்கொழுப்புக்குப் பதில் கடலை எண்ணெய் போடுங்கள், சூப் வேண்டாம், சிப்பிச் சாறுக்குப் பதில் சோயா சாஸ் மட்டும் என்று மூன்றையும் தனித்தனியாகச் சொன்னால் செய்து தருகிறார்கள். ஆனாலும் வாணலியும் கரண்டியும் ஒன்றே. புரட்டாசிச் சனிக்கும் தீமிதி விரதத்துக்கும் இந்தக் கடை வேண்டாம், முழுச் சைவக் கடைக்கே போங்கள். முஸ்லிம் நண்பர்களோடு போவதென்றால் பந்தே கௌஸ்வே (பர்மாவின் சீன முஸ்லிம்களின் நூடுல்ஸ்) கடைதான் சரி.

பார்சல் வாங்கினால் எண்ணெய் மட்டும் புரட்டி, சோயாவையும் சூப்பையும் தனிப்பையில் கட்டச் சொல்லுங்கள். சோயாவின் ஈரத்தை நூடுல்ஸ் குடித்துவிட்டால் கால்மணி நேரத்தில் ஒரே கட்டி. பிளாஸ்டிக் பையின் வாயை இறுக்கிக் கட்டவிடாதீர்கள். ஆவி உள்ளேயே நின்று குழைத்துவிடும். அப்படியும் ஒட்டிக்கொண்டால் கொதிக்கும் சூப்பில் இரண்டு கரண்டி தெளித்துக் கிளறினால் பிரிந்துவிடும்.