ஆனைமுடியின் செம்மஞ்சள் தவளை: சோலையிலா, கண்ணாடிப் பெட்டியிலா?

கேரளத்தின் இரவிகுளம் தேசியப் பூங்காவில் மட்டும் வாழும் இந்தப் புதர்த்தவளை 2010-இல்தான் அறிவியலுக்கு அறிமுகமானது. இப்போதே அழிவின் விளிம்பில். எங்கே வைத்துக் காப்பது: அதன் வாழிடமான மலைச்சோலையிலேயா, கண்ணாடிப் பெட்டியில் வளர்த்தா?

செலவு: சோலையில் காவலும் தீத்தடுப்பும். பெட்டியில் குளிர், ஈரம், இரை என்று தினமும் செலவு.

எளிமை: இது மூங்கில் புதரின் அடியில் முட்டையிடும். தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது; முட்டையிலிருந்து நேராகக் குட்டித் தவளையே வெளிவரும். அந்த மூங்கில் தூரின் ஈரத்தைப் பெட்டிக்குள் கொண்டுவருவது லேசில்லை.

நிலைப்பு: வெப்பம் கூடினால், ஏற்கெனவே மலையுச்சியில் வாழும் இதற்கு ஏற மேலே மலையில்லை. இங்கே பெட்டிக்கே பலம்.

என் தேர்வு சோலைதான். பனாமா தங்கத் தவளைக்கு நேர்ந்ததுபோல நோய்ப் பூஞ்சை இதையும் காட்டிலேயே கொன்று குவித்தால், அப்போது பெட்டி சரி.