ஒரே ‘ஃபேட்டி லிவர்’, இரண்டு காரணங்கள்: ஹெபடைடிஸ் சி ஜீனோடைப் 3-ம் 1-ம்

கல்லீரலைத் தாக்கும் வைரஸ் நோயான ஹெபடைடிஸ் சி நாள்பட்டுப் போனவருக்கு அல்ட்ராசவுண்ட் எடுத்தால் ‘ஃபேட்டி லிவர்’ (கல்லீரலில் கொழுப்பு) என்று வருவது சகஜம். உடனே ‘எண்ணெயைக் குறைங்க, தினம் நடங்க’ என்பார்கள். அந்தக் கொழுப்பைச் சேர்த்தது வைரஸா, உடம்பா என்று பார்த்தால்தான் அந்த யோசனை எவ்வளவு பலிக்கும் என்று தெரியும்.

இந்த வைரஸில் மரபணு அமைப்பைப் பொறுத்துப் பல வகைகள் (ஜீனோடைப்) உண்டு. இந்தியாவில் அதிகம் இருப்பது ஜீனோடைப் 3. இதில் கொழுப்பைச் சேர்ப்பது வைரஸேதான். கல்லீரல் தன்னிடமுள்ள கொழுப்பை விஎல்டிஎல் என்ற கொழுப்புத் துகள்களாகக் கட்டி ரத்தத்தில் விடும். அதற்கு எம்டிபி என்ற புரதம் வேண்டும். வைரஸின் ‘கோர்’ புரதம் செல்லுக்குள் உள்ள கொழுப்புத் துளிகள்மேல் ஒட்டிக்கொள்வதோடு, எம்டிபியின் வேலையையும் மந்தமாக்குகிறது. வெளியேற வேண்டிய கொழுப்பு உள்ளேயே தேங்கிவிடும். ஒல்லியான, குடிப்பழக்கமோ சர்க்கரையோ இல்லாத ஒருவருக்கும் ஃபேட்டி லிவர் வருவது இப்படித்தான். வைரஸ் லோடு (ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு) ஏறினால் கொழுப்பும் ஏறும். ரத்தத்திலோ எல்டிஎல் (‘கெட்ட’ கொலஸ்ட்ரால்) இறங்கும். அந்தக் குறைந்த எல்டிஎல்லைப் பார்த்து நிம்மதி அடையக் கூடாது.

ஜீனோடைப் 1-ல் பெரும்பாலும் எடை, தொப்பை, இன்சுலின் எதிர்ப்பு (இன்சுலினுக்கு உடம்பு சரியாக இணங்காமை) ஆகியவைதான் காரணம். அதற்காக வைரஸை விட்டுவிட முடியாது. அது கிளப்பும் அழற்சி இன்சுலினின் சமிக்ஞையைச் செல்லுக்குள்ளேயே தடுக்கிறது. எந்த வகையானாலும் ஹெபடைடிஸ் சி உள்ளவர்களிடம் டைப் 2 சர்க்கரை நோய் கூடுதலாக இருப்பதற்கு இது முக்கியக் காரணம்.

எது மோசம் என்றால், என் கணக்கில் 3. கல்லீரலில் தழும்பு வேகமாக ஏறுகிறது, கல்லீரல் புற்றுநோய் ஆபத்தும் அதிகம். இன்டர்ஃபெரான் ஊசி சிகிச்சையாக இருந்த காலத்தில் 1-க்கு 48 வாரம், 3-க்கு 24 வாரம் போதும் என்பதால் 3 ‘லேசானது’ என்று பெயர் வாங்கியிருந்தது. நேரடி வைரஸ் எதிர்ப்பு மாத்திரைகள் வந்தபின் கதை தலைகீழ். சிரோசிஸோடு (கல்லீரல் முழுக்கத் தழும்பேறி இறுகிய நிலை) வரும் ஜீனோடைப் 3-தான் இப்போது கொஞ்சம் முரண்டுபிடிக்கிறது.

இந்த மாத்திரைகளில் சோஃபோஸ்புவிர்-வெல்பாடாஸ்விர் கூட்டு 12 வாரம் என்பது இரண்டுக்கும் பொது. அதனால் ஜீனோடைப் டெஸ்ட்டே பல இடங்களில் எடுப்பதில்லை. மருந்து தேர்வுக்கு அது பெரும்பாலும் தேவையில்லைதான். ஆனால் பின்தொடர்தல் வேறுபடுகிறதே! வைரஸ் போனபின் 3-ல் கல்லீரல் கொழுப்பு நன்றாகக் குறையும், எல்டிஎல் ஏறும். லிப்பிட் ப்ரொஃபைலை (ரத்தக் கொழுப்பு டெஸ்ட்) மறுபடி எடுக்காமல் விட்டால் இதயத்துக்கான ஆபத்து கண்ணில் படாது. 1-ல் எடை அப்படியே இருந்தால் கொழுப்பும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். நடையும் உணவுக் கட்டுப்பாடும் உண்மையில் இங்கேதான் அவசியம். டெஸ்ட் இல்லாவிட்டால் இடுப்பளவையும் எல்டிஎல்லையும் சேர்த்துப் பார்த்தாவது ஓரளவு ஊகிக்கலாம்.

சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு மாத்திரையோ எடுப்பவர்கள், எந்த வகையானாலும், சிகிச்சை தொடங்கிய வாரங்களில் வீட்டிலேயே அடிக்கடி குளுக்கோஸ் பார்க்க வேண்டும். வைரஸ் இறங்கும்போது சர்க்கரையும் இறங்கும். பழைய டோஸே தொடர்ந்தால் லோ சுகர் ஆகிவிடலாம். வெல்பாடாஸ்விரோடு கொலஸ்ட்ரால் மருந்தான ரோசுவாஸ்டாடின் எடுப்பவர்கள் 10 மி.கி.க்கு மேல் போகக் கூடாது என்பதையும் டாக்டரிடம் முதல் நாளே பேசிவிடுங்கள்.