டேப்பட் சத்தம் நின்றுவிட்டதே என்று நம்பிப் பணம் கொடுத்துவிடாதீர்கள்

கீழக்கரையில் வாப்பா விட்டுப்போன 1984 அம்பாசிடரை நான்தான் ஓட்டுகிறேன். இரண்டு மாதம் முன்பு டேப்பட் சத்தம், அதாவது இன்ஜின் வால்வுகள் பக்கமிருந்து வரும் டக்டக் சத்தம், கொஞ்சம் கூடியது. வீட்டுக்கே வந்து பார்ப்பதாகச் சொன்ன மெக்கானிக் ஒருவரை ராமநாதபுரத்திலிருந்து கூப்பிட்டேன். வந்தார், வால்வுகளுக்கு மேலுள்ள கவரைக் கழற்றினார், இருபது நிமிடத்தில் மூடினார். "கேளுங்க பாய், தையல் மிஷின் மாதிரி ஓடுது" என்றார். சத்தம் நின்றிருந்தது. கூலி, புது கவர் பேக்கிங் என்று 2,800 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார்.

அவர் கையில் ஃபீலர் கேஜ், அதாவது இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு, இல்லை. பார்த்துக்கொண்டே நின்ற நான் அதைக் கேட்கவில்லை. கையால் ஆட்டிப் பார்த்தே எட்டு வால்வையும் இறுக்கியிருக்கிறார்.

இந்த 1489 சிசி பெட்ரோல் இன்ஜினில் ராக்கருக்கும் (வால்வை அமுக்கும் கை) வால்வுக்கும் நடுவே 0.015 அங்குலம் இடைவெளி வேண்டும், பட்டறைப் பேச்சில் பதினைந்து தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு தவ்). சூட்டில் வால்வு நீளும். இடைவெளி இல்லையென்றால், அது மூடி உட்காரும் இடமான சீட்டில் முழுதாக உட்காராது. புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டில் பெரும்பகுதியை இறக்குவதே சீட்டில் உட்காரும்போதுதான். அதற்கு வழியில்லாமல் போனால் ஓரம் எரியத் தொடங்கிவிடும். சத்தம் வராததால் நமக்குத் தெரியவும் தெரியாது.

மூன்று வாரம் கழித்து ராமேஸ்வரம் போகும்போது பாம்பன் பாலத்து ஏற்றத்தில் வண்டி இழுக்கவில்லை. திரும்பி வந்து எங்கள் ஊரில் வயதான மெக்கானிக் காக்கா (எங்கள் பக்கம் அண்ணனை அப்படித்தான் அழைப்போம்) ஒருவரிடம் காட்டினேன். நாலாவது சிலிண்டரில் கம்ப்ரஷன், அதாவது உள்ளே அமுங்கும் அழுத்தம், பாதிகூட இல்லை. சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் ஹெட்டை இறக்கினால், எட்டாவது வால்வின் ஓரத்தில் நகம் அளவுக்கு எரிந்து போயிருந்தது. புது வால்வு, சீட் வேலை, ஹெட் கேஸ்கெட் எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய். ராமநாதபுரத்துக்காரர் புது பேக்கிங் என்றதும் பொய். பழையதன் மேலேயே பேஸ்ட் தடவி மூடியிருந்தார்.

கேஜ் இல்லாமல் வருகிறவரைக் கவரைத் தொட விடாதீர்கள். முடிந்தால் நீங்களே செய்யலாம், காக்கா எனக்கு அப்படித்தான் கற்றுக்கொடுத்தார். இன்ஜினைச் சூடாக்கி நிறுத்தி, பிளக்குகளைக் கழற்றி, டாப் கியரில் வண்டியை மெல்லத் தள்ளினால் இன்ஜின் சுற்றும். முன்னாலிருந்து எண்ணி, முதல் வால்வு முழுதாக அமுங்கி நிற்கும்போது எட்டாவதின் இடைவெளியைச் சரியாக வைக்க வேண்டும். மூன்றாவது அமுங்கினால் ஆறாவது, ஐந்தாவதுக்கு நான்காவது. இரண்டையும் கூட்டினால் எப்போதும் ஒன்பது வரும். கேஜ் லேசாக உரசிக்கொண்டு நுழைய வேண்டும். இடைவெளியை மாற்றும் ஸ்க்ரூவைப் பிடித்திருக்கும் லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே திரும்பிவிடும், அதனால் இறுக்கிய பிறகு இன்னொரு தடவை கேஜை விட்டுப் பாருங்கள். எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது.

அந்த மெக்கானிக்குக்கு போன் செய்து சொன்னேன். "பழைய வண்டின்னா அப்படித்தான் பாய்" என்று வைத்துவிட்டார். வாப்பா ஓட்டிய காலம் முழுக்க அந்த வண்டியில் ஒரு வால்வுகூட எரிந்ததில்லை.