ஸ்பிட்ஃபயர் இன்ஜினை வெளியே கொடுத்துக் கட்டப்போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

செய்யாத வேலைக்கு பில் போட்டுக் காசு வாங்கிய ஒரு பட்டறையைப் பற்றிய பதிவு இது. விவகாரம் நீதிமன்றத்தில் இருப்பதால் பெயர் போடவில்லை. இங்கிலாந்தில் பழைய கார் இன்ஜின் கட்டித் தருகிற யாரிடம் போனாலும் இதை ஒருமுறை படித்துவிட்டுப் போங்கள்.

கார், 1978 ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் 1500. இந்தக் கார்தான் வேண்டும் என்று தேடி வாங்கியதற்குக் காரணம் அப்பா. அவரிடம் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் இருந்தது. ஹெரால்டின் சேசிஸைக் குறுக்கித்தான் ஸ்பிட்ஃபயரைச் செய்தார்கள். இரண்டுக்கும் வடிவம் கொடுத்தவர் ஒரே இத்தாலியர், மிக்கெலொட்டி. பானெட்டை முன்பக்கமாகத் தூக்கினால் சக்கரம் வரைக்கும் மொத்தமும் திறந்துகொள்ளும், பக்கத்தில் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம். வீட்டு கராஜில் கட்டுவதற்கு இதைவிடத் தோதான கார் கிடையாது.

பாடி, பிரேக், ஒயரிங் எல்லாம் நானே செய்தேன். ஆனால் போரிங் (சிலிண்டரைக் கடைவது), கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றுகிற தண்டு) கிரைண்டிங், ஹெட் (வால்வுகள் இருக்கும் இன்ஜினின் மேல்பாகம்) வேலைக்கெல்லாம் மெஷின் வேண்டும், வெளியேதான் கொடுக்க வேண்டும். ஏமாற்றுகிறவனுக்கு வசதியான இடமும் அதுதான். இன்ஜினைப் பூட்டி, பெயின்ட் அடித்து, பளபளவென்று கொடுத்துவிட்டால் உள்ளே என்ன போட்டான் என்று யார் பார்க்கப் போகிறார்கள்?

பில் 2,800 பவுண்டு. அதில் முக்கியமான வரிகள்: புது த்ரஸ்ட் வாஷர், எரிந்த புகையை வெளியே விடுகிற நான்கு எக்ஸாஸ்ட் வால்வுக்கும் கடினப்படுத்திய சீட் (வால்வு மூடும்போது உட்காருகிற இடம்), கிராங்கும் அதன் முனையில் இருக்கும் கனமான சக்கரமான ஃப்ளைவீலும் சேர்த்து பேலன்ஸிங்.

இதில் சீட் ஏன் முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். ஸ்பிட்ஃபயர் ஹெட் வார்ப்பிரும்பு; வால்வு நேரடியாக அந்த இரும்பிலேயே உட்காரும். அந்தக் காலப் பெட்ரோலில் இருந்த ஈயம் சீட்டின்மேல் படிந்து அதைக் காப்பாற்றியது. பிரிட்டனில் 1999 கடைசியோடு ஈயப் பெட்ரோலைப் பொது விற்பனையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது சீட்டைப் புதிதாகக் கடைந்தால் பழைய படிவும் போய்விடும், வெறும் இரும்புதான் மிஞ்சும். வேகமாக ஓட்ட ஓட்ட எக்ஸாஸ்ட் வால்வு அதைத் தின்றுகொண்டே உள்ளே இறங்கும். அதற்காகத்தான் ஹெட்டைக் குடைந்து கடினமான வளையத்தை இறுக்கிப் பொருத்துவது. காசு பிடித்த வேலை.

இன்ஜினை ஏற்றி, இரட்டை எஸ்யு கார்புரேட்டரை டியூன் செய்ய உட்கார்ந்தேன். இரண்டும் சமமாகக் காற்று இழுக்கிறதா என்று பார்த்து, மிக்சர் சரிசெய்து, ஐடிலிங் அழகாக நின்றது. சில நூறு மைல் ஓடியதும் ஐடிலிங் தடுமாற ஆரம்பித்தது. மறுபடி டியூன் செய்தால் கொஞ்ச நாள் சரியாக இருக்கும், அப்புறம் பழைய கதை. பட்டறைக்காரரைக் கூப்பிட்டால், “கார்புரேட்டர் உங்கள் கைவேலை, இன்ஜினில் குறை இல்லை” என்றார்.

டேப்பட் கேப்பை, அதாவது வால்வுக்கும் அதை அழுத்துகிற கைக்கும் நடுவில் விடுகிற இடைவெளியை, அளந்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. குளிர்ந்த இன்ஜினில் 0.25 மி.மீ. என்று எட்டு வால்வுக்கும் வைத்திருந்தேன். இன்டேக் நான்கும் வைத்தது வைத்தபடி இருந்தன. எக்ஸாஸ்ட் நான்கிலும் கேப் குறைந்திருந்தது. ஒன்றில் ஃபீலர் கேஜ் நுழையவே இல்லை. திரும்ப வைத்து ஓட்டினேன். மறுபடி எக்ஸாஸ்ட் மட்டும் இறுகியது. வால்வு சீட்டைத் தின்று ஹெட்டுக்குள் இறங்க இறங்க, அதன் மறுமுனை மேலே ஏறி இந்த கேப்பை அடைத்துவிடும். கார்புரேட்டர் கோளாறு இப்படி ஆள் பார்த்து வேலை செய்யாது.

அடுத்தது த்ரஸ்ட் வாஷர். கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் தாங்குகிற அரைவட்டத் தகடு, பின் மெயின் பேரிங்கின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. ட்ரையம்ஃபுக்கே உரிய பலவீனம் இது. தேய்ந்து கழன்று, இன்ஜினின் அடியிலிருக்கும் எண்ணெய்த் தொட்டியான ஆயில் சம்பில் விழுந்தால் கிராங்க் நேராக பிளாக்கை அரைக்கும், பிளாக்கே போச்சு. ஒருவரை உட்கார வைத்து கிளட்ச்சை மிதிக்கச் சொல்லி முன் புல்லியைப் பாருங்கள். என் காரில் புல்லி முன்னால் வருவது கண்ணுக்கே தெரிந்தது. டயல் கேஜ் வைத்தால் அரை மில்லிமீட்டருக்கு மேல். இப்போதுதான் கட்டிய இன்ஜினில் கால் மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும்.

அதற்குமேல் நான் எதையும் கழற்றவில்லை. “நீங்களே பிரித்துவிட்டீர்கள், வாரன்டி போச்சு” என்ற பதில் வரும் என்று தெரியும். முதலில் அளவுகளையும் படங்களையும் வைத்துக் கடிதம் எழுதினேன், சரிசெய்து தர அவகாசமும் கொடுத்தேன். பதில் இல்லை. பிறகு வேறொரு மெஷின் பட்டறைக்காரரை வரவழைத்து, அவர் முன்னிலையில் ஹெட்டைக் கழற்றினோம். அவர் கரியைத் துடைத்துவிட்டு எக்ஸாஸ்ட் சீட்டின்மேல் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தார். வளையம் பொருத்தியிருந்தால் ஹெட்டும் வளையமும் சேருகிற இடத்தில் முடி மாதிரி ஒரு வட்டக்கோடு தெரியும். நான்கிலும் கோடு இல்லை. ஒரே இரும்பு, அதில் வால்வு குடைந்த பள்ளம். சம்பை இறக்கி த்ரஸ்ட் வாஷரை உருவினால் முகத்திலிருந்த எண்ணெய்ப் பள்ளம் கிட்டத்தட்ட மழுங்கிப்போன பழைய தகடு. அவர் எழுதிக் கொடுத்த அறிக்கைதான் எனக்குப் பெரிய பலம்.

பேலன்ஸிங் செய்ததற்கும் அடையாளம் கிடைக்கவில்லை. எடையைச் சமப்படுத்த ஃப்ளைவீலில் புதிதாகத் துளையிட்ட தடயம் எதுவும் இல்லை. ஏற்கெனவே சமமாக இருந்தது என்று இன்ஜின் கட்டிய பட்டறைக்காரர் சொல்ல இடம் இருப்பதால் அதை மட்டும் புகாரில் சேர்க்கவில்லை.

பணம் விஷயத்துக்கு வருகிறேன். ரொக்கமாகக் கொடுத்தால் தள்ளுபடி என்று அந்தப் பட்டறைக்காரர் ஆசை காட்டினார். நான் முன்பணத்தை கிரெடிட் கார்டில் கொடுத்தேன், மிச்சத்தை வங்கி வழியாக அனுப்பினேன். பிரிட்டனில் 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவுப்படி, 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை விலையுள்ள பொருளுக்கோ வேலைக்கோ ஒரு பகுதியை கார்டில் கட்டியிருந்தாலும் கார்டு நிறுவனமும் முழுத்தொகைக்குப் பொறுப்பு. அறிக்கையைக் காட்டியதும் சீட்டுக்கும் வாஷருக்கும் போட்ட தொகையைத் திருப்பித் தந்துவிட்டார்கள். மறுபடி பிரித்துக் கட்டுகிற செலவுக்கு மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. ரொக்கமாகக் கொடுத்திருந்தால் இதுவும் வந்திருக்காது.

இப்போது ஹெட் அந்த இன்னொரு பட்டறையில்தான் இருக்கிறது. வளையம் பொருத்தியதும், வால்வு போடுவதற்கு முன்னால், வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார். நீங்களும் அப்படியே கேளுங்கள். ஹெட்டை வால்வு இல்லாமல் காட்டச் சொல்லுங்கள், கழற்றிய பழைய வாஷர், பேரிங்கையெல்லாம் பையில் போட்டுத் தரச் சொல்லுங்கள், கிராங்க் அளவுகளை எழுதி வாங்குங்கள். ஒழுங்கான மெக்கானிக் இதற்கெல்லாம் முகம் சுளிக்க மாட்டார். இன்னொன்று, 40 வருடம் தாண்டிய பெரும்பாலான கார்களுக்கு இங்கே எம்ஓடி என்கிற வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. வருடத்துக்கு ஒருமுறை வேறு ஒரு கண் காரைப் பார்க்கிற வாய்ப்பும் அதோடு போய்விடுகிறது.

பாக்கித் தொகைக்கு, 10,000 பவுண்டு வரையான சிறு வழக்குகளுக்கான பிரிவில் மனு போட்டிருக்கிறேன். பட்டறைக்காரரின் பதில் மனு வந்துவிட்டது. நான் கார்புரேட்டரைத் தப்பாக டியூன் செய்ததால்தான் அவர் போட்ட சீட் தேய்ந்துவிட்டதாம். பில்லில் மட்டும் இருக்கிற சீட் எப்படித் தேயும் என்று இனி நீதிபதியிடம்தான் அவர் விளக்க வேண்டும்.